கிட்டாருக்குப் புது பிக்கப் அவசியமா?

திருப்பதியிலும் சித்தூரிலும் எனக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்க் குடும்பங்களில் வீணை, வயலினோடு எலெக்ட்ரிக் கிட்டாரும் வந்து சேர்ந்துவிட்டது. ஓராண்டு வாசித்ததும் பிள்ளைகள், "தாத்தா, சத்தம் சரியில்லை, பிக்கப்பை மாற்றணும்" என்கிறார்கள். பெற்றோரும் கடைக்காரர் காட்டும் "பவர் அதிகம்" உள்ளதையே வாங்கித் தருகிறார்கள். கர்நாடக சங்கீதம் வாசிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு இது கெடுதல் என்பது என் கருத்து. ரயில்வே சிக்னல், டெலிகாம் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் கம்பியோடும் காயிலோடும் மல்லுக்கட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

பிக்கப்பில் மாயம் ஒன்றுமில்லை. காந்தத்தைச் சுற்றித் தலைமுடி போன்ற செம்புக் கம்பி, பல ஆயிரம் சுற்று. எஃகுத் தந்தி அதிர்ந்தால் காயிலில் மின்சாரம் பிறக்கும். 1831-ல் பாரடே கண்ட தத்துவம்தான். சுற்றைக் கூட்டினால் சத்தம் கூடும், ஆனால் ஒலியின் பளிச்சென்ற தெளிவு மழுங்கும். காந்தம் பலமாகித் தந்திக்கு மிக அருகில் இருந்தால் தந்தியைத் தன் பக்கம் இழுக்கும். நாதம் சீக்கிரம் அடங்கும், சுருதியும் பிசகும். நமக்கோ ஒரே மீட்டலில் நாலு ஸ்வரம் இழுத்து வாங்க வேண்டும்!

மாண்டலின் ஸ்ரீநிவாஸை நினைத்துப் பாருங்கள். 1978-ல் குடிவாடா தியாகராஜ உற்சவத்தில், ஒன்பது வயதில் மேடையேறியவர். சாதாரண மாண்டலினில் இரட்டை இரட்டையாக எட்டுத் தந்தி. மீட்டிய ஒலி உடனே அடங்கிவிடும். அவரோ எலெக்ட்ரிக் மாண்டலினில் ஒற்றைத் தந்திகளாக ஐந்தை வைத்துக்கொண்டார். நாதம் நீண்டது, கமகம் வசப்பட்டது. நம் சித்தூருக்கு அருகே ராணிப்பேட்டையில் வளர்ந்த பிரசன்னா கிட்டாரிலேயே கச்சேரி செய்கிறார்.

எங்கள் தெருப் பையன் ஒருவனிடம் பாட்டு வாத்தியார், "இதில் தோடி வராதுப்பா, வீணைக்குப் போ" என்றாராம். அவன் கிட்டாரைப் பரண்மேல் போட்டுவிட்டான். இறக்கிப் பார்த்தால் பிக்கப் தந்தியை முட்டுகிற உயரத்தில் இருக்கிறது. திருகாணியைத் திருகி மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, துருப்பிடித்த தந்திகளையும் மாற்றினோம். இப்போது தினமும் வாசிக்கிறான். தோடி இன்னும் வரவில்லை. அது பிக்கப்பின் குற்றமல்ல.

இரைச்சல் வேறு விஷயம். ஒற்றைக் காயில் பிக்கப், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸையும் சேர்த்துப் பிடிக்கும். 25,000 வோல்ட் மின்பாதை ஓரமாகப் போகும் எங்கள் டெலிபோன் கேபிளிலும் இதே தொல்லைதான். கம்பிகளை முறுக்கி, உலோக உறையிட்டு அடக்குவோம். கிப்சன் கம்பெனியின் சேத் லவர் 1955-ல் வேறு வழி கண்டார். இரண்டு காயில், எதிரெதிர் காந்தமுனை, எதிரெதிர் இணைப்பு. தந்தியின் ஒலி கூடும், இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதுவே ஹம்பக்கர்.

ஆகவே இரைச்சல்தான் குறை என்றால் மாற்றுங்கள். அல்நிகோ காந்தமுள்ள ஹம்பக்கர், மல்டிமீட்டரில் ஏழெட்டு கிலோ ஓம் காட்டுவது போதும். பதினைந்து காட்டுவதெல்லாம் மேல்நாட்டு ராக்குக்கு. கிட்டாரின் மரத்தைக் குடையாமல் அதே குழியில் உட்காருமா என்று அளந்து வாங்குங்கள். பழையதைக் கழற்றுமுன் எந்த நிற வயர் எங்கே போகிறது என்று தாளில் வரைந்துகொள்ளுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும்.