பாலையில் ஒரு மாலை

தாயகம் செல்லும் வழியில் நம்மவர் பலர் துபாயில் இரு நாள் தங்குகின்றனர். அங்கு பிள்ளைகள் விரும்பிக் கேட்பது பாலைவனச் சவாரியை. நாமும் சென்று பார்த்தோம்.

பிற்பகலில் வாகனம் விடுதி வாசலுக்கு வருகிறது. மணல்மேட்டை அண்டியதும் சாரதி சில்லுகளின் காற்றைக் குறைக்கிறார். தளர்ந்த சில்லு அகன்று பரவுவதால் மணலில் எளிதிற் புதைவதில்லை. ஒட்டகத்தின் அகன்ற பாதமும் அவ்வாறே. பொழுது சாய்ந்ததும் கூடாரத்தில் பேரீச்சம்பழம், ஏலக்காய் மணக்கும் கோப்பி, மருதாணி. பாவாடை சுழல ஆடப்படும் தனூரா ஆட்டமோ எகிப்திலிருந்து வந்தது.

பெதூயின் மக்களுக்குக் கூடாரம் பொழுதுபோக்கன்று. மேய்ச்சலும் நீரும் தேடிய வாழ்வு. 1966இல் துபாய்க் கடலில் எண்ணெய் கண்டறியப்பட்டபின் அவ்வாழ்வு பெரிதும் மறைந்தது. பயணிகள் காண்பது அதன் மாலைநேரக் காட்சியையே. ஆண்டுக்கொரு நாள் மேடையில் மட்டும் பொங்கற்பானை காணும் நம் பிள்ளைகளை நினைத்துக்கொண்டோம்.

ஆயினும் அம்மணலிலேயே இன்னொரு பாடமும் உண்டு. அரேபிய ஓரிக்ஸ் என்னும் வெண்ணிற மான் 1972இல் தன் இயற்கை வாழிடத்தில் அற்றுப்போயிற்று. அமெரிக்காவில் பேணப்பட்ட மந்தையின் வழித்தோன்றல்களை ஓமானுக்குக் கொணர்ந்து, வேலியிட்ட நிலத்தில் பழக்கிய பின்னர், 1982இல் பாலையில் விட்டனர். துபாயில் 2003இல் அமைந்த பாலைவனக் காப்பகத்திலும் இன்று அவை மேய்கின்றன.

பேணுதல் என்பது காட்சிக்கு வைப்பதன்று, வாழப் பழக்குவது. மேடையில் ஒரு நாள் ஒலிக்கும் தமிழைவிட, அடுக்களையில் நாள்தோறும் பேசும் தமிழே நம் பிள்ளைகளுக்கு அப்பயிற்சி.