காரத்துக்குக் காசு கொடுக்காம என்னைத் திட்டாதீங்க

போன ஞாயித்துக்கிழமை ஸ்ரீரங்கம் உத்திர வீதியில ஒரு மாமி என்னைப் பிடிபிடின்னு பிடிச்சுட்டாங்க. "ஏம்ப்பா, மழை சமயத்துல நீ குடுத்த பச்சை மிளகாய் பத்து போட்டாலும் உறைக்கலை. இப்ப ரெண்டே ரெண்டுதான் போட்டேன், பேரன் அழறான். விதையை மாத்திட்டியா, இல்ல ஏதாவது மருந்து அடிக்கிறியா?"

ரெண்டும் இல்லை. கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கிற என் வயல்ல அதே விதை, அதே பாத்தி, அதே செடிதான். மாறினது தண்ணியும் வெயிலும்.

மிளகாயை நீளவாக்கில கீறிப் பாருங்க. உள்ளே வெள்ளையா ஒரு நரம்பு ஓடும், அதுலதான் விதை ஒட்டியிருக்கும். காரத்தைத் தர்ற கேப்சைசின் உருவாகிறது அந்த வெள்ளை நரம்புலதான். விதையில காரம்னு சொல்றது தப்பு. நரம்போட ஒட்டியிருக்கிறதால விதையில கொஞ்சம் பூசிக்குது, அவ்வளவுதான்.

பிஞ்சுல காரம் கம்மி, காய் முத்த முத்த ஏறும். செடி நல்லா தண்ணி குடிச்சா காய் திரண்டு வரும், காரம் மட்டுப்படும். தண்ணிக்கு ஏங்கி வாடினா பல ரகங்கள்ல காரம் ஏறும். ஒரே செடியில இன்னிக்குப் பறிச்ச ரெண்டு காய்கூட ஒண்ணுபோல இருக்கணும்னு கட்டாயம் இல்லை.

பக்கத்து வயல்ல குடமிளகாய் போட்டதால நம்ம காய் சப்புன்னு ஆயிடுச்சுன்னு ஒரு பேச்சு உண்டு. அதுவும் தப்பு. அந்த நரம்பு தாய்ச்செடியோட சதை. வெளி மகரந்தம் பட்டா இந்த வருஷக் காய் மாறாது. அந்தக் காயோட விதையை எடுத்து அடுத்த பட்டத்துல போட்டாத்தான் வித்தியாசம் தெரியும்.

இப்ப என் வழக்குக்கு வர்றேன். செடியை வாடவிட்டா காரம் ஏறும், ஆனா காய்ப்பு குறையும், எடை குறையும். அந்த நஷ்டத்தை யார் தர்றா? சந்தையில கிலோ கணக்குதான். அதனால நானும் பறிப்புக்கு முன்னால நல்லா தண்ணி கட்டுறேன். மறைக்கலை. எடைக்குக் காசு கிடைக்குது, காரத்துக்குக் கிடைக்கலை.

வத்தல் கதை இன்னும் மோசம். போன வருஷம் ஒரு மண்டிக்கு நாலு மூட்டை சம்பா வத்தல் கொண்டுபோனேன். வியாபாரி ஒரு கை அள்ளிப் பார்த்துட்டு, "மங்கலா இருக்கே" என்று விலையைக் குறைச்சார். "ஒண்ணைக் கடிச்சுப் பாருங்கண்ணே" என்றேன். "கடிச்சா கலர் தெரியுமாப்பா?" என்று சிரிச்சார். அன்னிக்கு வண்டி வாடகை போக மிச்சம் கொஞ்சம்தான்.

நிறம் வேற, காரம் வேற. கர்நாடகத்து பேடகி மிளகாய் ரத்தச் சிவப்பு, காரம் ரொம்பக் குறைவு. அதை நிறத்துக்காகவே வாங்குறாங்க, அது சரி. ஆனா எல்லா மிளகாயையும் நிறத்தை வைச்சே எடை போட்டா என்ன ஆகும்? 2003-ல இந்தியாவிலேர்ந்து போன மிளகாய்த்தூள்ல சூடான் சிவப்புங்கிற தொழிற்சாலைச் சாயத்தை ஐரோப்பாவில கண்டுபிடிச்சாங்க. சிவப்புக்கு மட்டும் விலை வைச்சா, கலப்படக்காரன் சிவப்பைத்தான் விப்பான்.

காரத்தை அளக்க முடியாதுன்னு யாரும் சொல்ல வேண்டாம். 1912-லயே ஸ்கோவில்னு ஒரு அமெரிக்கர் மிளகாய்ச் சாரத்தைச் சர்க்கரைத் தண்ணியில கரைச்சு, நாக்கு உறைப்பு தெரியாமப் போற வரைக்கும் நீர்க்கச் செஞ்சு கணக்கு போட்டார். இப்ப ஆய்வகத்துல கருவியே இருக்கு. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. ஊரும் ரகமும் சேர்ந்துதான் ஒரு சரக்குன்னு அரசாங்கமே ஒத்துக்கிட்ட மாதிரிதானே?

வியாபாரி அண்ணன்மாரே, மூட்டைக்கு அஞ்சு காயையாவது கடிச்சுப் பாருங்க. உறைச்சா ரெண்டு ரூபா கூடப் போடுங்க. அப்புறம் நான் ஏன் பறிப்புக்கு முன்னால தண்ணி கட்டப்போறேன்?

மாமி, உங்களுக்கும் ஒண்ணு. குழம்புல போடறதுக்கு முன்னால ஒரு காயைக் கீறி, அந்த வெள்ளை நரம்பைத் துளி நாக்குல வைச்சுப் பாருங்க. அப்புறம் ரெண்டா பத்தான்னு முடிவு பண்ணுங்க. பேரனுக்கு நரம்பை எடுத்துட்டுப் போடுங்க, அழமாட்டான்.