வட்டத்துக்குள் ஒரு பையன்

நாயுடுபேட்டையில் சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பினால் காளஹஸ்தி, திருப்பதி, பீலேர் வழியாக மதனப்பள்ளி போய்ச் சேரலாம். இந்த வழியில் வருகிறவர்களில் பெரும்பாலோர் திருப்பதியோடு நின்றுவிடுகிறார்கள். ரவீந்திரநாத் தாகூர் மதனப்பள்ளிக்கே வந்தார். ஓய்வெடுக்க.

அது 1919 பிப்ரவரி. தென்னிந்தியச் சுற்றுப்பயணத்துக்கு நடுவே சில நாட்கள் அங்குள்ள பெசன்ட் தியாசபிகல் கல்லூரியில் தங்கினார். முதல்வர் ஜேம்ஸ் கசின்ஸ் ஐரிஷ் கவிஞர், நண்பர். ஒரு நாள் மாணவர்கள் கூடிப் பாடிய நேரத்தில் விருந்தாளியும் பாடினார்: 1911 கல்கத்தா காங்கிரசில் முதன்முதலாகப் பாடப்பட்ட 'ஜன கண மன'. மெட்டை ஸ்வரப்படுத்தியவர் கசின்ஸின் மனைவி மார்கரெட். பிப்ரவரி 28 அன்று பாடலைத் தாகூரே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். அவர் அங்கே வந்தது இதற்காக அல்ல. 1950இல் அதுதான் தேசிய கீதமாயிற்று.

சும்மா இருப்பதில் அவருக்குப் பழக்கம் உண்டு. சின்ன வயதில் வீட்டு வேலைக்காரர் ஒருவர், தன் சிரமத்தைக் குறைத்துக்கொள்ள, பையனைச் சுற்றி சாக்பீஸால் வட்டம் போட்டு, தாண்டினால் ஆபத்து என்று மிரட்டிவிட்டுப் போய்விடுவார். ஜன்னலுக்கு வெளியே குளம், ஆலமரம், குளிக்க வருகிறவர்கள். பொழுதுக்கும் அதே காட்சி. பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவே இல்லை; அந்த ஆலமரத்தை மட்டும் கடைசிவரை மறக்கவில்லை. 1901இல் சாந்திநிகேதனில் தானே பள்ளி தொடங்கியபோது வகுப்புகளை மரத்தடியில் வைத்தார்.

ஜமீன் வீட்டுப் பிள்ளை சும்மா உட்காரலாம், கூலி வீட்டுப் பிள்ளை உட்கார முடியுமா? நியாயமான கேள்விதான். ஆனால் இப்போது வசதியுள்ள வீடுகளும் இதை விட்டுவைக்கவில்லை. ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் நுழைவுத்தேர்வுக்குத் தயார் செய்யும் விடுதிகளில் விடிவதற்கு முன் எழுப்பிவிடுகிறார்கள். ராத்திரி வரை 'ஸ்டடி ஹவர்'. பத்து நிமிஷம் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் வார்டன் வந்து நிற்பார். பிள்ளைக்கு ஒரு நிமிஷம்கூட மிஞ்சாமல் பார்த்துக்கொள்ளத்தான் பெற்றோர் இத்தனை பணம் கட்டுகிறார்கள்.

மதனப்பள்ளியை அடுத்த ரிஷிவேலி பள்ளியில் - அதை நிறுவிய ஜே. கிருஷ்ணமூர்த்தி 1895இல் பிறந்தது மதனப்பள்ளியில்தான் - 'அஸ்தாசல்' என்று ஒரு வழக்கம். சாயங்காலம் மாணவர்கள் வெட்டவெளியில் பேசாமல் உட்கார்ந்து, சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதைப் பார்க்கிறார்கள். இதையும் கால அட்டவணைக்குள் வைத்துத்தான் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.