குளியலறைக்கு மட்டும் ஏன் இரண்டரை அடி?

தலைவாசலுக்கு வாசக்கால் வைக்க நல்ல நேரம் பார்க்கிறோம். மஞ்சள் குங்குமம் இட்டு, அடியில் நவதானியமும் காசும் போடுகிறோம். தேக்கா, வேங்கையா என்று மாதக்கணக்கில் பேச்சு நடக்கிறது. உள்வாசல்களின் அளவை மட்டும் மேஸ்திரியின் பழக்கத்துக்கே விட்டுவிடுகிறோம். அறைகளுக்கு மூன்று அடி, குளியலறைக்கு இரண்டரை. ஒரு வீட்டில் கடைசிவரை குடியிருக்க முடியுமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது இந்த இரண்டரை அடிதான். புதிதாகக் கட்டுகிறவர்கள் அந்த வழக்கத்தைக் கைவிட வேண்டும்.

இரண்டரை அடி என்பது சுவரில் விடும் திறப்பின் அளவு. ஆள் நுழையும் அளவு அதுவல்ல. முப்பது அங்குலத் திறப்பில் நிலையின் கால்கள் பக்கத்துக்கு இரண்டரை அங்குலம் எடுத்துக்கொள்ளும். மிச்சம் இருபத்தைந்து. கதவைத் தொண்ணூறு பாகைக்குத் திறந்து நிறுத்தினால், காடியைத் தாண்டி அதன் கனம் வழிக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். கடைசியில் கிடைப்பது ஏறத்தாழ இரண்டு அடி. சாதாரணச் சக்கர நாற்காலியின் அகலமே இருபத்தைந்து, இருபத்தாறு அங்குலம் வரும். சக்கரத்தைத் தள்ளும் கைகளுக்கு இடம் தனி. தாங்கிப் பிடித்து நடத்திச் செல்ல ஒருவர் வேண்டுமென்றால், இருவரும் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய வேண்டும். தடையற்ற கட்டடங்களுக்காக மத்திய அரசு 2021இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் கேட்பது 900 மில்லிமீட்டர் தடையில்லா வழி. மூன்றரை அடித் திறப்பு விட்டால், நிலையும் கதவும் போக அது கிடைத்துவிடும்.

‘நன்றாக நடமாடுகிற குடும்பத்துக்கு இது எதற்கு, தேவைப்படும்போது மாற்றிக்கொள்ளலாமே’ என்பார்கள். தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்களின் பங்கு 2011 கணக்கெடுப்பில் பத்து சதவீதத்தைச் சற்றே தாண்டியிருந்தது. 2031இல் பதினெட்டைத் தாண்டும் என்பது அரசின் கணிப்பு. இன்று கட்டும் வீடு அதற்கு வெகுகாலம் பின்னும் நிற்கும். மாற்றுவதும் கதவைக் கழற்றி மாட்டுகிற வேலையல்ல. சுவருக்குள் பதித்த இரும்புப் பட்டைகளைப் பெயர்க்க வேண்டும். லிண்டல் போதாவிட்டால் புதிதாகப் போட வேண்டும். டைல்ஸ் உடையும், நீர்க்கசிவுக்குப் பூசிய பூச்சும் போகும். இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்து ஆள் திரும்பும் வாரத்திலா இதைச் செய்வது? கட்டும்போதோ, கூடுதல் ஓரடிக்குச் செங்கல் மிச்சம். கதவும் நிலையின் தலைக்கட்டையும்தான் சற்றுப் பெரிதாகும். சுவர் முழுக்க ஓடும் லிண்டல் போடுகிற வீட்டில் லிண்டல் செலவும் கூடுவதில்லை. செலவை நினைத்துத் தயங்குவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

இடமில்லை என்பது வலுவான ஆட்சேபம். நான்கடிக்கு ஏழடிக் குளியலறையில் மூன்றரை அடிக் கதவு உள்ளே திறந்தால் நிற்க இடம் இருக்காது. ஆனால் குளியலறைக் கதவு உள்ளே திறப்பதே தவறு. வழுக்கி விழுந்தவர் கதவை அடைத்துக் கிடந்தால், வெளியே இருப்பவர் தள்ளத் தள்ள அவர் உடலைத்தான் நெருக்குவார். வெளிப்பக்கம் திறக்க வேண்டும். தாழ்ப்பாளையும் வெளியிலிருந்து விடுவிக்க முடிய வேண்டும். வெளியே குறுகிய நடை இருந்தால் நகரும் கதவு போடலாம். அதில் சத்தமும் நாற்றமும் ஓரளவு கசியும் என்பது உண்மைதான். நுழையவே முடியாத அறையோடு ஒப்பிட்டால் அது சின்னக் குறை. வாஸ்துவைக் காட்டி மறுப்பவர்கள், கழிப்பறை கொல்லைக்கோடியில் இருந்த காலத்துச் சாஸ்திரத்திடம் குளியலறைக் கதவின் அகலத்தைக் கேட்கிறார்கள்.

இப்போதைக்குச் சின்னக் கதவுதான் வேண்டும் என்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. லிண்டலை மூன்றரை அடித் திறப்புக்கு ஏற்ற நீளத்தில், இருபுறமும் ஆறங்குலம் சுவரில் உட்காரும்படி போட்டுவிட்டு, உபரி ஓரடியைச் செங்கல்லால் அடைத்து வைக்கலாம். அந்த ஓரடிக்குள் குழாயோ மின்கம்பியோ போகக் கூடாது என்று பிளம்பருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் ஹீட்டருக்கான சுவிட்ச் சரியாக அங்கேதான் வந்து உட்காரும்.