வெள்ளைக்காரன் இருந்திருந்தால்!

மழைக்காலம் வந்துவிட்டால் அம்பத்தூரிலும் ஆவடியிலும் ஒரு குரல் தவறாமல் கேட்கும்: "வெள்ளைக்காரன் இருந்திருந்தால் இப்படித் தண்ணீர் நிற்குமா, சார்?"

சென்ற மழையில் இதை எனக்குச் சொன்னவர் ஆவடி நண்பர் ஒருவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் செருப்பும் மறு கையில் பால் பாக்கெட்டுமாக நின்றார். வெள்ளைக்காரன் ஆட்சியை அவர் கண்ணால் கண்டதில்லை. பிறந்ததே 1951-இல்தான். 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிச பாணிச் சமுதாயமே நம் லட்சியம் என்று தீர்மானம் போட்ட ஊரில் நின்றுகொண்டு அவர் கவர்னர் துரைகளுக்காக ஏங்கினார்!

"மதுராந்தகம் ஏரி உடையாமல் இருக்க ஒரு கலெக்டர் துரை எப்படித் தவித்தான்! அவனுக்கு ராமரே காட்சி கொடுத்தார். நமக்கு ஒரு வார்டு இன்ஜினீயர் காட்சி கொடுக்கிறாரா, சொல்லுங்கள்!"

சிரித்துவிட்டேன். ஆனால் சிரித்துவிட்டு மறந்துவிடக்கூடிய பேச்சல்ல இது. படித்தவர்கள், பென்ஷன் வாங்குகிறவர்கள், பேரப்பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக் கொடுக்கிறவர்கள் இப்படிப் பேசுகிறார்கள். ஆகையால் பதில் சொல்லத்தான் வேண்டும்.

ஏரி காத்த ராமர் கதையில் வரும் அந்தக் கலெக்டரின் பெயர் லயோனல் பிளேஸ். தாயார் சந்நிதியில் அவர் பெயரைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். நல்லது, இருக்கட்டும். அந்தப் பிளேஸ் துரை நம் பூந்தமல்லிக்கும் கலெக்டர் என்பது நண்பருக்குத் தெரியாது. 1763-இல் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி கும்பினிக்கு எழுதிக் கொடுத்த ஜாகீரில் பூந்தமல்லியும் அடக்கம். எழுதி வாங்கிய கும்பினி என்ன செய்தது? அதே நவாபுக்கே குத்தகைக்கு விட்டது. 1780 வரை குடிகள் எப்படி இருக்கிறார்கள் என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. குத்தகைப் பணம் வந்தால் சரி. சென்னை ராஜதானி என்று பின்னால் பெரிய பெயர் வாங்கிய சர்க்கார், நம் ஊர்களில் இப்படி ஒரு குத்தகைக்காரனாகத்தான் நுழைந்தது.

1794-இல் பிளேஸ் வந்தார். ஏரிக்கரைகளைப் பழுது பார்த்தார், வாஸ்தவம். வரியையும் ஏற்றினார். பூந்தமல்லிப் பக்கத்து மிராசுதாரர்கள் கட்ட மாட்டோம் என்று ஊரையே விட்டு வெளியேறினார்கள். போனவர்களின் மிராசைப் பறித்து வேறு ஆட்களுக்குக் கொடுக்க முற்பட்டார் துரை. மதுராந்தகத்தில் ராமரைக் கண்ட அதே கண்கள்தாம்! ஏரி நிறைந்தால் வயல் விளையும், வயல் விளைந்தால் கிஸ்தி வரும். அந்த அக்கறையை நான் குறை சொல்லவில்லை. அதை ஜனங்களின் மேல் வந்த பாசம் என்று சொல்லும்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பிளேஸ் போனார், மன்றோ வந்தார், ரயத்துவாரி வந்தது. கிஸ்தி கட்ட முடியாத குடியானவனை அந்த 'நிர்வாகம்' எப்படி நடத்தியது? நான் சொல்ல வேண்டாம். சர்க்கார் தானே நியமித்த கமிஷன் 1855-இல் கொடுத்த அறிக்கை சொல்கிறது. அதற்குப் பெயரே சித்திரவதைக் கமிஷன். எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூன்று துரைமார் சென்னையில் உட்கார்ந்து விசாரித்தார்கள். வந்து குவிந்த முறையீடுகள் 1,900-க்கு மேல். நூற்றுக்கணக்கான மைல் நடந்தே வந்து சொன்னவர்கள் உண்டு. விரல்களை மரக் கிட்டியில் வைத்து நெரிப்பது, குனிய வைத்துத் தலையையும் காலையும் கயிற்றால் பிணைத்து வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள், முதுகில் கல்லேற்றுவது, கண்ணில் மிளகாய்ப் பொடி. கிட்டியும் அண்ணாந்தாளும் இங்கிலீஷ் அறிக்கையில் அப்படியே தமிழ்ப் பெயரோடு ஏறியிருக்கின்றன. நம் பாஷை அந்த சர்க்காருக்குச் செய்த சேவை அது!

இத்தனையும் செய்தவர்கள் சேவகர்களும் தாசில் சிப்பந்திகளும்தான், துரைமாருக்கு இதில் சம்பந்தமில்லை என்று கமிஷன் தீர்ப்புச் சொல்லிவிட்டது. நண்பரும் இதைத்தான் பிடித்துக்கொள்வார்: "பார்த்தீர்களா, நம்ம ஆள்தான்!" என்பார். ஆமாம், நம்ம ஆள்தான். கிட்டியைப் பிடித்த கை நம்முடையது. அந்தப் பணம் போய்ச் சேர்ந்த கஜானா யாருடையது? வருஷா வருஷம் வரி தவறாமல் வந்து சேருவது எப்படி என்று அரை நூற்றாண்டாக ஒரு துரைகூடக் கேட்கவில்லை என்றால், அதைத் திறமையான நிர்வாகம் என்று எப்படிச் சொல்வது?

கமிஷனாவது தானாக வந்ததா? அதுவும் இல்லை. காஜுலு லட்சுமிநரசு செட்டியார் என்ற சென்னை வியாபாரி, 'கிரெசென்ட்' பத்திரிகையும் சென்னை சுதேசிகள் சங்கமும் நடத்தி, சொத்தையெல்லாம் பொதுக் காரியத்தில் கரைத்தவர், 1853-இல் டான்பி சேமூர் என்ற பார்லிமெண்டு மெம்பரைத் தென்ஜில்லாக்களுக்கு அழைத்துப் போய் நேரில் காட்டினார். சேமூர் லண்டனில் போய்க் கத்தினார். பிறகுதான் விசாரணை. நம் பிள்ளைகளுக்கு மன்றோ தெரியும். தீவுத்திடலில் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார். செட்டியாரை எத்தனை பேருக்குத் தெரியும்?

"ரயில் விட்டானே!" என்பார்கள். விட்டான். 1856 ஜூலை 1-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு போன முதல் ரயில் நம் ஆவடி வழியாகத்தான் போயிற்று. இருபது வருஷம் கழித்துத் தாது வருஷப் பஞ்சம். ரயில் இருந்தது, தானியமும் இருந்தது, வாங்கக் காசுதான் இல்லை. 1877-இல் வந்த ரிச்சர்ட் டெம்பிள் துரை, நிவாரண வேலை செய்யும் ஆண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று கணக்கிட்டார். இதில் உயிர் தரிக்காது என்று சர்க்காரின் சொந்த டாக்டர் கார்னிஷ் வாதாட வேண்டியிருந்தது. அந்தப் பஞ்சத்தில் பட்டினி வயிற்றோடு சென்னைக்குள் கால்வாய் வெட்டினார்கள். வெட்டியவர்கள் பெயரையா வைத்தார்கள்? கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரை வைத்தார்கள்.

நல்ல துரையே கிடையாதா? உண்டு. எங்கள் பக்கமெல்லாம் அப்போது செங்கற்பட்டு ஜில்லா. அதன் கலெக்டர் டிரமன்ஹீர் 1891-இல் பறையர் மக்களின் நிலைமையைச் சேரி சேரியாக விசாரித்து எழுதினார். அவர்களுக்கு நிலம் வேண்டும், குடியிருக்கும் மனை சொந்தமாக வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும் என்று கேட்டார். அவரை முதலில் எதிர்த்தது யார் தெரியுமா? அவருடைய சர்க்காரின் ரெவின்யூ போர்டுதான். 1892-இல் பஞ்சமி நில உத்தரவு பிறந்தது. அந்த நிலங்கள் பிறகு யார் யார் கைக்குப் போயின என்பது தனிக் கதை. அந்தக் கதையில் நாமும் இருக்கிறோம். வெள்ளைக்காரனை மட்டும் திட்டிவிட்டுத் தப்பிக்க முடியாது. செங்கற்பட்டுப் பக்கம் காரணையில் 1994-இல் அந்த நிலத்தைக் கேட்டு நின்றவர்கள்மேல் சுட்டது நம் போலீஸ். இரண்டு உயிர் போயிற்று.

இவ்வளவையும் நண்பரிடம் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய பால் பாக்கெட் சூடேறிவிட்டது. "அதெல்லாம் சரி சார், இந்தத் தண்ணீருக்கு வழி?" என்றார்.

"1920-இல் இந்த ராஜதானியில் நூற்றுக்கு மூன்று பேருக்குத்தான் ஓட்டு. அப்போதும் வரியும் போலீசும் ஏரி பாசனமும் கவர்னர் கையில். நம் மந்திரிகள் தொட முடியாது. இப்போது உங்களுக்கு ஓட்டு இருக்கிறது. 2022 பிப்ரவரியில் மாநகராட்சித் தேர்தல் நடந்ததே, போட்டீர்களா?" என்று கேட்டேன்.

"அன்றைக்கு சனிக்கிழமை, சார். மகள் வீட்டுக்குப் போய்விட்டேன்" என்றார்.