ஐம்பது ரூபாய் பூவிளக்கு

சிதம்பரத்தில் ஆனித் தேர் பார்க்கப் போனபோது, திருவிழாக் கடையில் தங்கை மகள் அடம்பிடித்து வாங்கிய விளக்கு அது. அடியில் சின்ன பல்பு. மேலே நரம்பு நரம்பாக பிளாஸ்டிக் இழைகள். ஒவ்வொரு நுனியிலும் ஒரு பொட்டு வெளிச்சம். கடலூர் திரும்பும் பஸ்ஸில் இழையை வளைத்துப் பார்த்தவள், “பெரியம்மா, வெளிச்சம் ஏன் நடுவுல ஒழுகலை?” என்றாள்.

நல்ல கேள்வி. இழையின் உள்ளே ஒருவகை பிளாஸ்டிக், மேலே ஒளிவிலகல் எண் குறைந்த இன்னொன்று மெல்லிய உறையாக. இரண்டும் சேரும் இடத்தில் சாய்வாக மோதும் ஒளி, வெளியேற முடியாமல் உள்ளேயே திரும்புகிறது. பள்ளியில் படித்த முழு அக எதிரொளிப்புதான்.

வீட்டுக்கு இன்டர்நெட் கொண்டுவரும் கண்ணாடி இழையிலும் இதே சங்கதி. ஆனால் அது மகா சுத்தமான கண்ணாடி. சுமார் 15 கிலோமீட்டர் போன பிறகுதான் ஒளி பாதியாகும். கடலூரில் அனுப்பினால், ஏறக்குறைய 45 கிலோமீட்டர் தள்ளி சிதம்பரத்தில் எட்டில் ஒரு பங்கு வந்து சேரும். அக்ரிலிக் இழையிலோ சுமார் 20 மீட்டரிலேயே பாதி காலி. பஸ் ஸ்டாண்டைக்கூடத் தாண்டாது!

“அப்போ பிளாஸ்டிக் மட்டமா?”

அவசரப்படக் கூடாது. கடல் கடந்து ஒளியாக வரும் நம் போட்டோவும் வீடியோவும், டேட்டா சென்டரின் சர்க்யூட் போர்டில் கடைசிச் சில அங்குலங்களைச் செம்பில் மின்சாரமாகத்தான் கடக்கின்றன. வேகம் கூடக் கூடச் செம்பில் சிக்னல் தேய்கிறது. ஈடுகட்டக் கூடுதல் மின்சாரம், அதனால் சூடு, சூட்டைத் தணிக்க மறுபடி மின்சாரம். நெய்வேலி இருக்கும் மாவட்டத்துக்காரர்களுக்கு, மின்சாரத்துக்காக எவ்வளவு மண் தோண்டப்படுகிறது என்று சொல்லவா வேண்டும்?

அந்தச் சில அங்குலங்களுக்குத்தான் பாலிமர் ஒளிப்பாதை. போர்டில் திரவ பாலிமரைப் பூசி, வேண்டிய கோட்டில் மட்டும் புற ஊதா ஒளி காட்டி இறுக வைத்து, மீதியைக் கழுவிவிடுகிறார்கள். தலைமுடி அளவுக்கு ஒரு பாதை தயார். ஐ.பி.எம். உட்படப் பல ஆய்வுக்கூடங்கள் இதைச் செய்து காட்டியிருக்கின்றன. தூரமே ஒரு முழம்தான் என்பதால், பிளாஸ்டிக்கின் குறை அங்கே பெரிய குறையில்லை.

தடை வேறு இடத்தில். பாகங்களைப் பற்றவைக்கும் சுமார் 250 டிகிரி சூட்டுக்கு அக்ரிலிக் தாங்காது. வேறு பாலிமர் வேண்டும். லேசரும் பாதையும் இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும். இதையெல்லாம் மலிவாகச் செய்வதுதான் சவால்.

வீடு சேர்வதற்குள் ஓர் இழை ஒடிந்துவிட்டது. அழப்போனவள் நிறுத்திக்கொண்டாள். ஒடிந்த இடத்திலும் அதே பொட்டு வெளிச்சம்.

“பெரியம்மா, இது கிட்டக்க மட்டும் வேலை செய்யற பிளாஸ்டிக்” என்றாள். மட்டம் என்று சொல்லவில்லை.