உண்மைகளும் அவற்றுக்குரிய கேள்விகளும்

வடமாலபேட்டை எந்த மொழிக்கு உரியது? இக்கேள்வி எழுந்தவுடன் இரு தரப்பினரும் சான்றுகளோடு வருகின்றனர். ஒரு தரப்பு, வேங்கடத்தை வட எல்லையாகக் கூறும் தொல்காப்பியப் பாயிரத்தைக் காட்டுகிறது. மறு தரப்பு, பட்டாஸ்கர் பரிந்துரைவழி 1960 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த எல்லையைக் காட்டுகிறது: திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது, புத்தூர் வட்டத்தின் பெரும்பகுதி ஆந்திரத்திலேயே நின்றது.

இரண்டும் உண்மைகளே. ஆனால் முன்னது தமிழ் வழங்கிய பழைய நிலப்பரப்பைச் சொல்கிறது. பின்னது கிராமத்தை அலகாக்கிப் பெரும்பான்மையை எண்ணுகிறது. வீட்டில் தமிழும் சந்தையில் தெலுங்கும் பேசுபவர் இரண்டிலும் இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்போ தாய்மொழியுடன் அறிந்த பிறமொழிகள் இரண்டையும் கேட்கிறது. விவாதிப்போர் முதல் விடையை மட்டுமே படிக்கின்றனர்.

ஒவ்வாத எண்ணைச் சதி என்பதும் ஒத்த எண்ணை வேதவாக்கு என்பதும் ஒரே நோயின் இரு குறிகள். அதன் விலையைக் கொடுப்பவர்கள் பள்ளிப் பிள்ளைகள். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 350அ உறுப்பு. அதற்கு ஊர்ப் பெரும்பான்மையும் வேண்டா, பழைய எல்லையும் வேண்டா. எல்லைக்கான சான்றை வகுப்பறைக்கான மறுப்பாக்குவது ஆய்வன்று, வழக்காடல்.